பேரேடு மாமா பதில்கள்

“பத்திரிகையில் பணத்தைப் பற்றி எழுதும் வேலைக்குப் போகலாமா?” என்று இந்த மாதம் மட்டும் ஒரு மூட்டைக் கடிதம். 35 வருஷம் அந்தப் பக்கத்திலேயே குடியிருந்தவன் நான். மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்: பிசினஸ் நிருபர் ஆக என்ன படிக்க வேண்டும், மாமா?

பேலன்ஸ் ஷீட்.

பட்டம் எதுவாக இருந்தாலும் சரி. ஹர்ஷத் மேத்தா விவகாரத்தை உடைத்த சுசேதா தலால் படித்தது புள்ளியியல், அப்புறம் சட்டம். 2008-ல் உலகம் கவிழ்வதற்கு முன்பே கடன் சந்தையில் புகை வருவதை லண்டன் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ இதழில் எழுதிய ஜில்லியன் டெட் டாக்டர் பட்டம் வாங்கியது எதில் தெரியுமா? தஜிகிஸ்தான் கல்யாணச் சடங்குகளில்!

கல்யாண வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், எந்தப் பேச்சை எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண் அது. வங்கிக்காரர்கள் கூடின இடத்திலும் அதையேதான் பார்த்தது. சம்பந்தி வீட்டில் பேசாமல் விட்டதுதானே பின்னால் பஞ்சாயத்துக்கு வருகிறது?

பி.ஏ. முடித்தவர், அருப்புக்கோட்டை: எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

ரெப்போ வட்டி 6 சதவிகிதத்திலிருந்து 5.5 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “அரை சதவிகிதம் குறைந்தது” என்று எழுதினால் தப்பு. குறைந்தது அரை சதவிகிதப் புள்ளி. சதவிகிதமாகப் பார்த்தால் 8-க்கும் மேல். இன்னொன்று: 100 ரூபாய்ப் பங்கு 50 சதவிகிதம் விழுந்து, பிறகு 50 சதவிகிதம் ஏறினால் விலை என்ன? “பழையபடி 100” என்றவர்கள் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

75.

பள்ளி ஆசிரியர், நாமக்கல்: பொருளாதார நிருபர், பிசினஸ் நிருபர். என்ன வித்தியாசம்?

ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று எழுதுகிறவர் முதல் ஆள். யார் வாளியில் எவ்வளவு போயிற்று என்று எழுதுகிறவர் இரண்டாவது ஆள். ராத்திரியில் யார் மோட்டார் போட்டார்கள் என்று எழுதுகிறவரைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும்.

வரி ஆலோசகர், கும்பகோணம்: இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவர் யார்?

ஒரு பத்திரிகைக்காரர்!

ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்துத் தொப்பி வியாபாரி. தானிய இறக்குமதிச் சட்டத்தை எதிர்க்க 1843-ல் ‘எகனாமிஸ்ட்’ இதழை ஆரம்பித்தார். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா காலியாகிக் கிடந்தபோது அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1860-ல் பட்ஜெட் போட்டார், வருமான வரியைக் கொண்டுவந்தார், அதே வருஷம் ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பில் அங்கேயே இறந்துபோனார். அவர் பெற்ற வரி உங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறது.

மாமனார் தொடங்கிய பத்திரிகைக்கு மாப்பிள்ளை வால்டர் பேஜட் 1861-லிருந்து 1877 வரை ஆசிரியர். 1873-ல் ‘லம்பார்ட் ஸ்ட்ரீட்’ எழுதினார். பீதி வந்தால் மத்திய வங்கி தாராளமாகக் கடன் கொடுக்கட்டும், நல்ல ஈடு வாங்கிக்கொண்டு, கூடுதல் வட்டிக்கு என்றார். இன்றைக்கும் மத்திய வங்கிக்காரர்களுக்கு அதுதான் பாலபாடம். எழுதியவர் ஒரு பத்திரிகைக்காரர்தான், தம்பி. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

தமிழ் முதுகலை மாணவர், தஞ்சாவூர்: நம் ஊரில் இதற்கு முன்னோடி உண்டா?

ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878-ல் ‘தி ஹிந்து’ தொடங்கியவர்களில் ஒருவர். 1882-ல் ‘சுதேசமித்திரன்’. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவின் பொருளாதாரத்தை என்ன செய்தது என்று 1903-ல் ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே போட்டார். வெள்ளைக்காரனிடம் கோபத்தைக் காட்டியவர்கள் பலர் உண்டு. இவர் கணக்கைக் காட்டினார்.

அதே கணக்குப் புத்திக்கு ஒரு பரீட்சை: வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி. 1906. முதலீடு 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பெருக்கிப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் இந்த வேலைக்கு இன்னும் தயாராகவில்லை. எந்த எண் கண்ணில் பட்டாலும் முதலில் பெருக்கு. சரியாக வந்தால் அப்புறம் பெருமைப்படு.

ஐ.டி. ஊழியர், சிறுசேரி: ‘ஸ்கேம் 1992’ தொடர் பார்த்தேன். வேலையை விட்டு நிருபராகலாமா என்று இருக்கிறது. அந்த மாதிரி ஸ்கூப் எப்படிக் கிடைக்கும்?

எல்லாரும் பார்க்கிற பக்கம் பார்க்காமல் இருந்தால்.

1992 தொடக்கத்தில் சென்செக்ஸ் 2,000 புள்ளிப் பக்கம். ஏப்ரலில் 4,400-ஐத் தாண்டிவிட்டது. மேத்தாவின் லெக்ஸஸ் காரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஏப்ரல் 23 அன்று ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் சுசேதா தலால் எழுதியது வேறு: பம்பாய் ‘பெரிய காளை’ என்று அழைத்த அந்த புரோக்கரிடம், 500 கோடி ரூபாயைக் கொண்டுவந்து கட்டு என்று ஸ்டேட் பாங்க் கேட்டிருக்கிறது. பங்குச்சந்தை ராஜாவுக்கும் அரசு வங்கிக்கும் நடுவில் அத்தனை கோடி என்ன செய்கிறது?

விஷயம் இதுதான். வங்கிகள் தங்களுக்குள் அரசுக் கடன் பத்திரங்களைக் கைமாற்றும். பத்திரம் நேரில் வராது, ‘பத்திரம் என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு ரசீது வரும். நடுவில் புரோக்கர். பணம் அவர் கணக்கு வழியாகப் போகும், போகிற வழியில் பங்குச்சந்தைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். கடைசியில் சில சின்ன வங்கிகள் பத்திரமே இல்லாமல் ரசீது அடித்துக் கொடுத்தன.

அடகுக்கடைச் சீட்டு கையில் இருக்கிறது, இரும்புப் பெட்டியில் நகை இல்லை. அவ்வளவுதான் கதை. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு எண்ணிப் பார்த்தபோது ஓட்டை 4,000 கோடிக்கு மேல்.

எல்லாரும் காளையின் கொம்பைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அந்த அம்மாள் தீவனம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

அதே ஐ.டி. ஊழியர், பின்குறிப்பாக: அப்படியென்றால் வேலையை விடலாமா?

முதலில் ஈ.எம்.ஐ. முடியட்டும்.

மளிகைக் கடைக்காரர், செஞ்சி: தங்கம் எப்போது விலை குறையும்?

தெரிந்தவர் உங்களிடம் சொல்ல மாட்டார். சொல்கிறவருக்குத் தெரியாது. நாளைய விலையைச் சொல்வது நிருபர் வேலை இல்லை. இன்று நீங்கள் கொடுத்த செய்கூலி, சேதாரம் எவ்வளவு, அது கடைக்குக் கடை ஏன் மாறுகிறது என்று விசாரித்து எழுதுவதுதான் வேலை.

இதழியல் மாணவர், சென்னை: உங்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஒரு பூக்காரம்மா.

தொண்ணூறுகளில் டெல்டாப் பக்கம் ஒரு ஊர். கடைத்தெருவில் புதிதாக ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. அந்தத் தெருவிலேயே ஏ.சி. போட்ட இடம் அது ஒன்றுதான். உள்ளே நுழைந்தால் சாம்பிராணி வாசனை, கண்ணாடித் தடுப்பு, சுவரில் ஆளுயர லட்சுமி. வருஷத்துக்கு 24 சதவிகித வட்டி. மேனேஜர் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். நான் அரைப் பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன்.

எட்டே மாதம். ஷட்டர் இறங்கிவிட்டது. போனேன். வாசலில் இருநூறு பேர். கூடையோடு ஒரு அம்மா வந்து மஞ்சள் பையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட டெபாசிட் ரசீதுகள். அவற்றுக்கு மேலே, நாலாக மடித்து பிளாஸ்டிக் உறை போட்டு, என் கட்டுரை.

அவர் திட்டவில்லை. “இதப் பாத்துத்தான் தம்பி பணம் கட்டினேன். கேசு போட இது ஒதவுமா?” என்று கேட்டார். பூ வாசனையும் சாம்பிராணி வாசனையும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் வரும்.

24 சதவிகித வட்டி கொடுப்பவனுக்கு வருமானம் எங்கிருந்து என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாடெங்கும் இப்படி ஷட்டர்கள் இறங்கித்தான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் கேள்வி வந்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், பவானி: மோசடித் திட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. 1920-லிருந்தே உண்டு.

பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவிகித லாபம் என்றார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பனை மலிவாக வாங்கி விற்கிறேன் என்பது அவர் சொன்ன தொழில். ‘பாஸ்டன் போஸ்ட்’ பத்திரிகை கிளாரன்ஸ் பாரன் என்ற நிதி எழுத்தாளரைக் கூப்பிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இவ்வளவு பணத்தை அந்தத் தொழிலில் போட 16 கோடி கூப்பன் வேண்டுமே, உலகத்தில் எத்தனை இருக்கிறது? சுமார் 27,000. ஆட்டம் முடிந்தது. பத்திரிகைக்கு 1921-ல் புலிட்சர் பரிசு.

உங்கள் பக்கத்துப் பெருந்துறையில் 2012-ல் ஈமு கோழித் திட்டம் கவிழ்ந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்றுதான் கேட்டேன்: ஊர் ஊராக இத்தனை ஆயிரம் பறவை வளர்கிறதே, அந்தக் கறியை எந்த ஹோட்டலில் சாப்பிட்டீர்கள்?

பி.காம். மாணவி, காரைக்குடி: ஆண்டறிக்கையை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்?

கடைசிப் பக்கத்திலிருந்து.

முன்பக்கத்தில் சேர்மன் சிரிப்பார், காற்றாலை சுற்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரம் நடுவார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருக்கும். சேர்மனின் மச்சான் கம்பெனிக்குக் கொடுத்த கடன் அங்கே இருக்கும். தோற்றால் கட்ட வேண்டிய வழக்குத் தொகை அங்கே இருக்கும். ஆடிட்டர் முணுமுணுத்தது அங்கே இருக்கும். காகிதத்தில் லாபம் ஏறிக்கொண்டே போகிறது, கைக்கு ரொக்கம் வரவில்லை என்றால், அந்த வரியை அடிக்கோடு போடு. உங்கள் ஊர் ஆச்சிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு எழுதாமலே தெரியும்.

வங்கி ஊழியர், ஈரோடு: ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கணக்கை நம்பலாம்தானே?

2009 ஜனவரி 7-ஆம் தேதி வரை சத்யம் கம்ப்யூட்டர்ஸை நாடே நம்பியது. அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது. அதற்கு முந்தைய வருஷம்தான் சிறந்த நிர்வாகத்துக்குத் தங்க மயில் விருது வாங்கியிருந்தது அந்தக் கம்பெனி.

டிசம்பரிலேயே மணி அடித்திருந்தது. சத்யத்தின் பணத்தில் குடும்பக் கம்பெனிகளை வாங்கப் பார்த்தார்கள். அவற்றின் பெயர் மேட்டாஸ். ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படியுங்கள், சத்யம் வரும். பெயர்ப்பலகையிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள், சத்தியத்தைத் தலைகீழாக்கி!

துணை ஆசிரியர், மதுரை: கம்பெனிக்காரர்கள் மிரட்டினால் என்ன செய்வது?

சந்தோஷப்படு. சரியான கதவைத் தட்டியிருக்கிறாய்.

2001 மார்ச். ‘ஃபார்ச்சூன்’ இதழில் பெத்தனி மெக்லீன் என்ற இளம் நிருபர் என்ரான் கம்பெனியைப் பற்றி எழுதினார். தலைமை அதிகாரியிடம் அவர் கேட்டது, நீங்கள் எப்படிப் பணம் சம்பாதிக்கிறீர்கள் என்பதைத்தான். அவர் கோபப்பட்டு போனை வைத்துவிட்டார். பிறகு நிதி அதிகாரி உட்பட மூன்று பேர் விமானம் ஏறி நியூயார்க்குக்கு விளக்க வந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 2 அன்று என்ரான் திவால்.

இட்லிக் கடை ஆயாவிடம் போய் “எப்படிச் சம்பாதிக்கிறீங்க?” என்று கேட்டுப்பார். ஒரு இட்லிக்கு எவ்வளவு நிற்கும் என்று விரல் மடக்கிச் சொல்வார். தொழில் இருந்தால் பதில் இருக்கும்.

வழக்கறிஞர், திருநெல்வேலி: உண்மையை எழுதினால் அரசாங்கமாவது துணை நிற்குமா?

எழுதும்போது அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஜெர்மனியில் வயர்கார்டு என்ற கம்பெனியை நோண்டினார் ‘ஃபைனான்ஷியல் டைம்ஸ்’ நிருபர் டான் மெக்ரம். 2019-ல் ஜெர்மனியின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு யார் மேல் குற்றப் புகார் கொடுத்தது? கம்பெனி மேல் இல்லை. அவர் மேலும், சக நிருபர் ஸ்டெஃபானியா பால்மா மேலும். 2020 ஜூனில் 190 கோடி யூரோ காணவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன பணம். தலைமை அதிகாரி கைதானார், இன்னொருவர் நாட்டைவிட்டே ஓடினார்.

ஆதாரம் வந்தது சிங்கப்பூரிலிருந்து, அந்தக் கம்பெனியின் சட்ட அதிகாரி பவ் கில் மூலம். வேலையை விட்டபின் அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகையாளரைத் தேடிப் பிடித்தது அவருடைய அம்மா! பிள்ளையின் முகத்தைப் பார்த்தே விஷயம் பெரிது என்று தெரிந்துகொண்ட அம்மாவுக்கு முன்னால் எந்த ஆடிட்டர் நிற்பார்?

பங்கு முதலீட்டாளர், கோவை: பிசினஸ் நிருபர் பங்கு வாங்கலாமா?

தன் ஆபீஸ் விதி அனுமதித்தால், ஆசிரியருக்குத் தெரிவித்துவிட்டு, தான் எழுதாத கம்பெனியில் வாங்கலாம். எழுதப்போகிற கம்பெனியில் கூடவே கூடாது.

‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழில் ஃபாஸ்டர் வினான்ஸ் என்று ஒருவர். நாளைக்கு எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதப்போகிறார் என்பதை இன்றைக்கே ஒரு புரோக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புரோக்கர் கூட்டம் லட்சக்கணக்கான டாலர் பார்த்தது. அவருக்குக் கிடைத்தது சுமார் 31,000. அதோடு சிறைத் தண்டனையும். 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது.

பத்திரிகையின் பத்தி அவர் எழுதியது. ஆனால் அதன் நேரம் வாசகருடையது. அடுத்தவர் நேரத்தை விற்றார், தன் நேரத்தைக் கொடுத்தார்.

பயிற்சி நிருபர், சேலம்: பிரஸ் மீட்டில் ‘கவர்’ கொடுக்கிறார்கள். எல்லாரும் வாங்குகிறார்கள். நான் மட்டும் என்ன செய்ய?

கையைக் கட்டிக்கொள்.

நிதிச் செய்தியாளர்களுக்கென்றே 1996-ல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் வழிமுறை வகுத்தது: பரிசு, கடன், சுற்றுலா, தள்ளுபடி, சலுகைப் பங்கு எதுவும் வேண்டாம் என்று. அதெல்லாம் படித்துக்கொண்டிருக்க நேரம் இல்லையா? இதை மட்டும் வைத்துக்கொள். கவர் வாங்கியவனுக்குக் கவர் ஸ்டோரி கிடைக்காது.

செய்தி ஆர்வலர், ஓசூர்: நல்ல ஸோர்ஸ் யார்? எம்.டி.யா, சேர்மனா?

எடைமேடைக்காரர்.

“உற்பத்தி இரண்டு மடங்கு” என்று கம்பெனி அறிக்கை விடும். வாசலில் எத்தனை லாரி எடை போட்டு வெளியே போகிறது என்று அவருக்குத் தெரியும். எதிர் டீக்கடையில் இரவு ஷிப்டுக்கு எத்தனை டீ போகிறது என்று மாஸ்டருக்குத் தெரியும். போன மாதம் சம்பளம் எத்தனாம் தேதி போட்டார்கள் என்று கேட் வாட்ச்மேனுக்குத் தெரியும். எம்.டி.யிடம் கடைசியாகப் போ. அப்போதுதான் அவர் சொல்வதில் எது விட்டுப்போகிறது என்று கேட்கக் காது இருக்கும்.

குரூப்-1 தேர்வர், விழுப்புரம்: பட்ஜெட் நாளில் நிருபர்கள் எப்படி அவ்வளவு வேகமாக எழுதுகிறார்கள்?

வேகமாக எழுதுவதில்லை, முன்னாலேயே பாடம் படித்துத் தயாராக இருப்பார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் படித்தவர் நம் கோயமுத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிறகு வெகுகாலம் மாலை 5 மணிக்குத்தான் பட்ஜெட். பத்திரிகை ஆபீஸில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 1999-ல் காலை 11 மணிக்கு மாறியது, 2017-ல் பிப்ரவரி 1-க்கு வந்தது.

ஒரு உபாயம் சொல்கிறேன். பேச்சைக் கேட்டு முடித்ததும் நிதி மசோதாவையும் அதன் விளக்கக் குறிப்பையும் எடு. அமைச்சர் மேடையில் சொல்லாத மாற்றங்கள் அதில் இருக்கும். பேச்சில் வருவது கவிதை வரி. பையில் கை வைப்பது மசோதா வரி.

இல்லத்தரசி, பல்லாவரம்: சந்தை விழுந்தால் தினமும் ஒரு காரணம் எழுதுகிறீர்களே, அதெல்லாம் நிஜமா?

‘லாபப் பதிவு காரணமாக’ என்று இருந்தால், நிருபருக்குக் காரணம் கிடைக்கவில்லை என்று படியுங்கள். தெரியாத நாளில் “காரணம் தெளிவாக இல்லை” என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். என்னிடம் வந்து சேர்ந்தவர்களிடம் முதலில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பத்து தடவை எழுதச் சொல்வேன்.

பத்தாம் வகுப்பு மாணவன், ராணிப்பேட்டை: டோ ஜோன்ஸ் என்பவர் பெரிய பணக்காரரா?

ஒருவர் இல்லை, இரண்டு பேர். இருவருமே நிருபர்கள். சார்லஸ் டோ, எட்வர்ட் ஜோன்ஸ். மூன்றாவது கூட்டாளி சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸர். அவர் பெயர் நீளம், பலகையில் இடம் இல்லை. 1889-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’. 1896-ல் 12 கம்பெனிகளின் விலையைக் கூட்டி வகுத்து ஒரு எண் போட்டார்கள்: 40.94. உலகமே இன்று பார்க்கும் குறியீடு, உன் ரேங்க் கார்டு சராசரி மாதிரிதான் பிறந்தது.

தலைமை ஆசிரியர், அறந்தாங்கி: என் மகளுக்கு இந்த ஆசை. பெண்களுக்கு ஏற்ற வேலையா?

சார், மேலே இருக்கும் பதில்களில் கம்பெனிகளை உலுக்கியவர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் பெண்கள்?

இன்னும் ஒருவர் பாக்கி. ஐடா டார்பெல். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், சின்ன எண்ணெய் வியாபாரிகளை நசுக்கியது. அதில் நசுங்கியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். மகள் வளர்ந்து, நீதிமன்ற ஆவணங்களைக் கட்டுக்கட்டாகப் படித்து, 1902 முதல் 1904 வரை ‘மெக்ளூர்ஸ்’ இதழில் தொடர் எழுதினார். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கம்பெனியை 34 துண்டாக்கியது.

மகளை அனுப்புங்கள். அப்பாவுக்குக் கடையோ வயலோ இருந்து நஷ்டப்பட்டிருந்தால், அந்தக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.

விவசாயி, மன்னார்குடி: பிசினஸ் பக்கத்தில் எங்கள் பேச்சே வருவதில்லையே, ஏன்?

வர வேண்டும், ஐயா. வராதது எங்கள் தொழிலின் குறை. நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஈர நெல்லோடு நாலு நாள் காத்திருப்பதும் சந்தைச் செய்திதான்.

சென்னையில் பிறந்த பி. சாய்நாத் நகரத்து ஆபீஸை விட்டு இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் போய் உட்கார்ந்தார். 1996-ல் வந்த அவருடைய வறட்சிப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பல பேர் இந்த வேலைக்கே வந்தார்கள். உங்கள் ஊர் நிலையத்தில் மூட்டைக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று தேதி போட்டு எழுதி அனுப்புங்கள். மூட்டைக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செவிலியர், வேலூர்: மருத்துவம் உயிர் காக்கும். உங்கள் எழுத்து?

1943, வங்கப் பஞ்சம். கல்கத்தாத் தெருவில் பிணங்கள். அதைச் சொல்ல விடாமல் போர்க்காலக் கட்டுப்பாடு. ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் ஆகஸ்ட் 22 அன்று படங்களாகப் போட்டார். உலகம் பார்த்தது. அதன் பிறகுதான் மேலிடம் அசைந்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள்.

சுதந்திரமான பத்திரிகை இயங்கும் ஜனநாயகத்தில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் பின்னாளில் வாதிட்டார். அரிசி விலை ஏறியது என்ற நாலு வரிச் செய்தியை நான் ஒருபோதும் சின்னச் செய்தி என்று நினைத்ததில்லை, தாயே. உங்கள் வார்டில் காய்ச்சல் சார்ட் எழுதுவது போலத்தான் அதுவும்.

மென்பொருள் மாணவர், திருச்சி: கம்ப்யூட்டரே செய்தி எழுதுகிறதே. உங்கள் வேலை போய்விடாதா?

2014-லேயே ஏ.பி. செய்தி நிறுவனம் கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. முன்பு காலாண்டுக்கு 300 செய்தி, பிறகு 3,000. போகட்டும். அந்த வேலை அலுப்பான வேலை. கம்பெனி சொன்ன எண்ணை இயந்திரம் நிமிஷத்தில் எழுதிவிடும். கம்பெனி சொல்லாத எண்ணுக்கு டீக்கடைக்குப் போகத்தான் வேண்டும்.

தமிழ் ஆர்வலர், புதுக்கோட்டை: பொருளாதாரம் எழுதத் தமிழில் சொற்கள் போதுமா?

முதல், வட்டி, அசல், ஈடு, தரகு, குத்தகை, பற்று, வரவு, பேரேடு, கைமாற்று, வாராக்கடன். பேலன்ஸ் ஷீட்டுக்கு ஐந்தொகை. கடல் தாண்டி வியாபாரம் செய்த இனத்திடம் கணக்குச் சொல் இல்லையா? ரெப்போவை ரெப்போ என்றே எழுது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் “நிதிசார் இடர்ப்பாட்டு மறுசீரமைப்பு” என்று எழுதினால் அடிப்பேன். கடனைக் கட்ட முடியவில்லை, தவணை கேட்கிறார்கள் என்று எழுது.

பெயர் வேண்டாம், சென்னை: சம்பளம் எப்படி?

உன்னைப் பேட்டிக்கு அழைக்கும் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் உனக்குக் கூடுதலாகவே தருவார்கள். பாதிப் பேர் பத்து வருஷத்தில் அங்கே போய்விடுகிறார்கள். பிள்ளை படிப்பு, வீட்டுக் கடன். போகிறவரை நான் குறை சொன்னதில்லை. தங்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு: எந்தக் கோடீஸ்வரனிடமும் போய் “இந்தப் பணம் ஏது?” என்று கேட்கலாம். அதற்காகவே ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் தொழில் வேறு எது?

முதல் கேள்வி கேட்ட அதே மாணவி, திண்டுக்கல்: மாமா, வேலை கிடைத்துவிட்டது! திங்கட்கிழமை சேர்கிறேன். என்ன கொண்டுபோக?

200 பக்க நோட்டு ஒன்று. கால்குலேட்டர், போனில் இருப்பது வேண்டாம், தனியாக ஒன்று. தண்ணீர் பாட்டில். காபிக்குச் சில்லறை, உன் சொந்தக் காசு.

நோட்டின் முதல் பக்கத்தைக் காலியாக விடு, கண்ணு. போகிற முதல் ஊரில் பூ விற்கும் ஒருவரிடம், கையில் இருக்கும் காசை எங்கே போட்டு வைத்திருக்கிறார் என்று கேட்டு, அவர் சொன்ன இடத்தின் பெயரை அதில் எழுது. அந்த இடத்துக்குத்தான் மறுநாள் போகிறாய்.